பல் வேருக்குள் வைத்த மருந்து: வலி நின்றதும் விட்டுவிடலாமா?

கோப்பெங் - பல் வலி தாங்காமல் கிளினிக்குக்குப் போகிறோம். டாக்டர் பல்லைத் துளைத்து, 'நரம்பை' எடுத்து, உள்ளே ஏதோ மருந்து வைத்து, மேலே வெள்ளையாக அடைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லி தெமு ஜாஞ்சி அட்டையில் தேதி எழுதிக் கொடுக்கிறார். மறுநாளே வலி நின்றுவிடுகிறது. அந்தத் தேதி வரும்போது ஓவர்டைம் இருக்கும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதாவது இருக்கும், ஈப்போ வரை போக வண்டி இருக்காது. "அதான் வலிக்கலையே" என்று அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறோம்.

நம்மவர்கள் பலருடைய வாயில் இப்படிப் பாதியில் நின்ற பல் ஒன்றாவது இருக்கும். என் வாயிலும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அந்தப் பல்லுக்குள் வைக்கப்பட்ட மருந்து என்ன, அதை ஏன் கட்டாயம் வெளியே எடுக்க வேண்டும், எடுப்பது ஏன் அவ்வளவு எளிதல்ல என்பதை யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. டாக்டருக்கு வெளியே இன்னும் இருபது பேர் காத்திருக்கிறார்கள். அந்த விளக்கம்தான் இந்தக் கட்டுரை.

உள்ளே இருப்பது சுண்ணாம்பு

அட்டையில் 'ராவாத்தான் ஆக்கார்' என்று எழுதியிருப்பதைத்தான் நாம் வேர் சிகிச்சை அல்லது ரூட் கேனல் என்கிறோம். பல்லின் நடுவில் இரத்தக் குழாயும் நரம்பும் கலந்த மென்மையான தசை இருக்கிறது. பற்கூழ் என்பது அதன் பெயர். சொத்தை ஆழமாகப் போய் பற்கூழ் அழுகினால் அதை அகற்றி, அது இருந்த மெல்லிய குழாயைச் சுத்தம் செய்து, நிரந்தரமாக அடைப்பதே சிகிச்சை. ஒரே நாளில் முடிக்க முடியாதபோது, இரண்டு சந்திப்புகளுக்கு இடையில் குழாய் சும்மா கிடக்கக்கூடாது என்று உள்ளே ஒரு மருந்தை நிரப்பி வைப்பார்கள்.

பெரும்பாலும் அந்த மருந்தின் பெயர் கால்சியம் ஹைட்ராக்சைடு. பெயர்தான் பெரிது. பொருள் நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த நீற்றிய சுண்ணாம்பு. கோப்பெங்கில் இருப்பவர்களுக்கு இதன் மூலப்பொருளைக் காட்டக் கை நீட்டினாலே போதும். குவா தெம்புரோங் குகை இருக்கும் மலையும் கிந்தா பள்ளத்தாக்கு நெடுக நிற்கும் வெள்ளைக் குன்றுகளும் சுண்ணாம்புக் கல்தான். அந்தக் கல்லைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு, அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறிப் பூத்து நீற்றிய சுண்ணாம்பு. பாட்டி வெற்றிலையில் தடவியதும் அதே வேதிப்பொருள்தான். (நெற்றியில் இடும் நீறும் சுண்ணாம்பு நீறும் தமிழில் ஒரே சொல் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தோன்றும் பொழுதுபோக்கு எண்ணம், பல் டாக்டருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.)

வீட்டில் யாரும் இதைக் கேட்டுவிட்டு வெற்றிலைச் சுண்ணாம்பை வலிக்கிற பல்லில் வைத்துவிட வேண்டாம். கிளினிக்கில் இருப்பது தூய்மைப்படுத்தி, அளந்து, பல்லின் உள்ளே மட்டும் வைப்பதற்கென்று தயாரித்த பசை. ஈறில் பட்டால் சுண்ணாம்பு புண்ணாக்கிவிடும். வெற்றிலையில் சுண்ணாம்பு கூடிப்போய் வாய் வெந்தவர்களுக்கு இது தெரியும்.

1920-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் என்ற பல் மருத்துவர் இதைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார். நூறாண்டு கடந்தும் இது நிலைத்திருக்க இதன் கடுமையான காரத்தன்மையே காரணம். அமிலம், காரம் அளக்கும் பி.எச். கணக்கில் சாதாரணத் தண்ணீர் 7 என்றால் இது ஏறக்குறைய 12.5. அந்தக் காரத்தைத் தாங்கி வாழக்கூடிய கிருமிகள் மிகக் குறைவு. இறந்த கிருமிகள் விட்டுச் செல்லும் நச்சையும் அது முறித்துவிடும். மிச்சம் மீதி அழுகல் தசையைக் கரைய வைக்கும். ஆனால் வைத்த கணமே வேலை முடிந்துவிடாது. பல்லின் உள்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழல்கள் சதுர மில்லிமீட்டருக்குப் பல்லாயிரம் இருக்கின்றன. அவற்றுக்குள் காரம் ஊறிப் போக நாள் ஆகும். குறைந்தது ஒரு வாரம் விடுவது அதனால்தான்.

வேலை முடிந்த மருந்து ஏன் தடையாகிறது?

சுவருக்குப் புதுச் சாயம் அடிப்பவர் பழைய சாயத்தைச் சுரண்டாமல் மேலேயே அடித்தால் என்ன ஆகும்? சில மாதங்களில் பழையதோடு சேர்ந்து புதியதும் உரிந்து வரும். பல்லுக்குள்ளும் அதுதான் நடக்கிறது.

கடைசிச் சந்திப்பில் டாக்டர் வேர்க்குழாயை நிரந்தரமாக அடைக்கிறார். முதலில் சீலர் என்ற பசையைத் தடவுவார். அது சுவரின் நுண்குழல்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ள வேண்டும். சுவரில் சுண்ணாம்புப் படலம் ஒட்டியிருந்தால் சீலர் சுவரைப் பிடிக்காமல் சுண்ணாம்பைப் பிடிக்கிறது. அந்தச் சுண்ணாம்போ நாளடைவில் ஈரத்தில் கரைகிறது. கரைந்த இடத்தில் ஒரு மெல்லிய இடைவெளி. கிருமிக்கு அது போதும்.

சில சீலர்களோடு சுண்ணாம்பு வேதிவினையே புரியும். துத்தநாக ஆக்சைடும் யூஜெனாலும் கலந்த பழைய வகைச் சீலர் இன்னும் பல இடங்களில் பயன்பாட்டில் உள்ளது. யூஜெனால் வேறொன்றுமில்லை, கிராம்பு எண்ணெயின் சாரம். பல் கிளினிக்கின் வாசலிலேயே நம் மூக்கில் ஏறும் அந்த வாசனை. மிச்சச் சுண்ணாம்பு அதோடு சேர்ந்தால் சீலர் வேகமாக இறுகி, பொரபொரவென்று நொறுங்கும் தன்மைக்குப் போய்விடுகிறது. வேரின் நுனியில் கட்டிச் சுண்ணாம்பு நின்றுவிட்டால் அடைப்புப் பொருள் நுனி வரை இறங்காமல் பாதியில் முட்டி நிற்கும் ஆபத்தும் உண்டு.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தத் தீமைகளில் பெரும்பாலானவை பிடுங்கிய பற்களை வைத்து ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டவை. ஓரிடத்தில் துளி சுண்ணாம்பு தங்கிவிட்டதால் மட்டும் சிகிச்சை தோற்றுவிடும் என்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. புதிய பயோசெராமிக் வகைச் சீலர்களுக்கு இது எவ்வளவு பாதிப்பு என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவும் இல்லை. இருந்தாலும், முடிந்த அளவு எடுத்துவிட வேண்டும் என்பதில் பல் மருத்துவ உலகம் ஒரே குரலில்தான் பேசுகிறது.

கழுவுவதில்தான் கஷ்டம்

"தண்ணி பீய்ச்சிக் கழுவினா போகாதா?" என்று கேட்கலாம். நானும் கேட்டேன். போகாது.

முதல் காரணம் இடம். ஒரு பல் உச்சியிலிருந்து வேர் நுனி வரை ஏறக்குறைய 20 மில்லிமீட்டர்தான். குழாயின் நுனியோ அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அகலம். அதுவும் நேர்குழாயாக இருப்பதில்லை. வளையும், பிரியும், இரண்டு குழாய்களை ஒரு தட்டையான பிளவு இணைக்கும். மேல் தாடையின் முதல் பெரிய கடைவாய்ப் பல்லில் மூன்று வேர்கள் இருந்தாலும் நான்கு குழாய்கள் இருப்பது சர்வசாதாரணம். நான்காவதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை.

இரண்டாவது, ஊசியால் பீய்ச்சும் நீர் அதன் முனையைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் அளவே போகிறது. அதற்கு அப்பால் நுனியில் காற்றுக் குமிழ் அடைத்துக்கொள்ளும். வாய் குறுகிய பாட்டிலைக் குழாயடியில் கவிழ்க்காமல் கழுவிப் பாருங்கள், புரியும். அழுத்தித் தள்ளினால் போகாதா என்றால், போகும். வேர் நுனியையும் தாண்டி எலும்புக்குள் போகும். அது பெரிய ஆபத்து.

ஆகவே அனுபவமுள்ள டாக்டர் என்ன செய்கிறார்? தற்காலிக அடைப்பை எடுத்த பிறகு, முன்பு குழாயைச் செதுக்கிய கடைசி அளவு ஃபைலை, அதாவது முறுக்கிய ஊசி போன்ற கம்பியை, மறுபடியும் நுனி வரை இறக்கி மெதுவாக அசைத்துக் கட்டியை உடைக்கிறார். உடைத்ததைக் கழுவுகிறார். மறுபடி ஃபைல், மறுபடி கழுவல். வெளியே வரும் ஃபைலின் புரிகளில் வெள்ளை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு மறுபடி இறக்குகிறார். ஃபைல் குழாயின் நடுவில் மட்டும்தான் தொடும். பக்கத்துப் பொந்துகளுக்கு மருந்து நீர்தான் போக வேண்டும்.

இங்கே இரண்டு நீர்கள் முக்கியம்.

முதலாவது சோடியம் ஹைப்போகுளோரைட். துணி வெளுக்கும் குளோராக்ஸின் மூலப்பொருளும் இதுவே. முதலாம் உலகப்போரில் சிப்பாய்களின் சீழ் பிடித்த காயங்களைக் கழுவ ஹென்றி டேக்கின் நீர்த்த கரைசலாகப் பயன்படுத்திப் புகழ்பெற்ற மருந்து. கிருமியைக் கொல்லும், அழுகிய தசையைக் கரைக்கும். ஆனால் சுண்ணாம்பைக் கரைக்காது. இதை மட்டும் வைத்துக் கழுவினால் சுண்ணாம்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாவது இ.டி.டி.ஏ. பெயர் புதிதாக இருக்கலாம், பொருளை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கிளினிக்கில் இரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி போட்ட சிறு குழாய் ஒன்றில் பிடிப்பார்களே, அதன் உள்ளே தடவியிருப்பது இதுதான். இரத்தம் உறைவதற்குக் கால்சியம் வேண்டும், இ.டி.டி.ஏ. கால்சியத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்வதால் இரத்தம் உறையாது. பல்லிலும் அதே வேலை: சுண்ணாம்பின் கால்சியத்தைக் கவ்வி இழுத்து வெளியே கொண்டுவருகிறது. வழக்கமாக 17 விழுக்காட்டுக் கரைசல். நார்வேயைச் சேர்ந்த நிகார்ட் ஊஸ்ட்பி 1957-இல் இதைப் பல் மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தினார். பல்லும் கால்சியத்தால் ஆனது என்பதால் நீண்ட நேரம் விட்டால் பல்லின் சுவரையே அரிக்கத் தொடங்கும். அளவோடு, சுமார் ஒரு நிமிடம் விட்டுக் கழுவிவிடுவார்கள்.

இன்னொரு நீரும் உண்டு, குளோர்ஹெக்சிடின். இதை ஹைப்போகுளோரைட்டோடு கலக்கவிட்டால் பழுப்பு நிறத்தில் ஒரு கசடு உண்டாகிப் பல்லுக்கும் நிறம் ஏற்றிவிடும். ஒன்றை முழுக்கக் கழுவி உலர்த்தாமல் மற்றொன்றை விடக்கூடாது என்பது அதனால்தான்.

நீரை ஊற்றிவிட்டுச் சும்மா இருந்தாலும் பலன் பாதிதான். கிந்தா பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈய லம்பத்தில் குட்டையாகத் தேங்கிய தண்ணீர் மண்ணை ஒன்றும் செய்யாது. அதே தண்ணீரைக் குழாய்வழி வேகமாகப் பாய்ச்சி அடித்தால் மேடே கரைந்து விழும். கோப்பெங் ஊரே அப்படிப் பாய்ச்சி அடித்த தண்ணீரில் வளர்ந்ததுதான். பல்லுக்குள் அந்த வேலையைச் செய்வது அல்ட்ராசோனிக் கருவி. மெல்லிய கம்பி ஒன்று குழாயில் நிறைந்த நீருக்குள் நின்று நொடிக்கு 25,000 முதல் 30,000 முறை வரை அதிர்கிறது. சுவரில் உரசாமல் நீரை மட்டும் சுழற்றிச் சுழற்றி அடிக்கிறது. ஃபைல் தொடாத பிளவுகளுக்குள்ளும் நீர் நுழைந்து சுண்ணாம்பைப் பெயர்க்கிறது. அப்போது நமக்குக் காதுக்குள் 'ங்ங்ங்' என்று ஒரு சத்தம் கேட்கும். பயப்படத் தேவையில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டால், டாக்டர் சிரத்தை எடுத்து வேலை செய்கிறார் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வேறு கருவிகளும் வந்திருக்கின்றன. குறைந்த வேகத்தில் அதிரும் பிளாஸ்டிக் நுனிக் கருவி, லேசர், வெளியே நேராக இருந்து உடல் சூட்டில் கரண்டி போல வளைந்து பொந்துகளைத் துழாவும் நிக்கல்-டைட்டேனியம் கம்பி என்று பட்டியல் நீளும். எல்லாக் கிளினிக்கிலும் எல்லாம் இருக்காது. இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஃபைல், இரண்டு நீர், அசைவு, பொறுமை ஆகிய நான்கும் இருந்தாலே பெரும்பகுதி வந்துவிடும். கடைசியாகக் கூர்மையான காகிதத் திரியை இறக்கி உலர்த்தி எடுக்கும்போது அது சுத்தமாக வர வேண்டும்.

இத்தனை செய்தும் முழுக்கப் போய்விடுகிறதா? இல்லை. கிரேக்க ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், கழுவிய பிறகும் குழாய்ச் சுவரில் 45 விழுக்காடு வரை சுண்ணாம்பு மூடியிருந்தது. அல்ட்ராசோனிக் வந்த பிறகு நிலைமை வெகுவாக முன்னேறியிருக்கிறது. ஆனாலும் எந்த முறையும் நூற்றுக்கு நூறு எடுத்துவிடுவதில்லை. குறிப்பாக வேர் நுனிப் பகுதி எப்போதும் அடம்பிடிக்கும்.

சென்னையில் நடந்த ஆய்வு

இந்தத் துறையில் உலகம் முழுதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வுகளில் ஒன்று தமிழர்களுடையது. சென்னையைச் சேர்ந்த சுரேஷ் நந்தினி, வேல்முருகன், கந்தசாமி ஆகிய மூவரும் 2006-இல் அமெரிக்காவின் எண்டோடான்டிக்ஸ் ஆய்விதழில் அதை வெளியிட்டார்கள். பிடுங்கிய பற்களில் மருந்தை வைத்து, எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஸ்பைரல் சி.டி. ஸ்கேன் செய்து, உள்ளே எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்று அளந்தார்கள். பல்லை அறுக்காமல் உள்ளே பார்த்ததுதான் அதன் சிறப்பு.

அவர்கள் ஒப்பிட்டது இரண்டு வகைச் சுண்ணாம்பு: ஒன்று வெறும் காய்ச்சி வடித்த நீரில் குழைத்தது, மற்றொன்று எண்ணெய் கலந்து கடையில் விற்கும் பசை. நீரில் குழைத்ததை இ.டி.டி.ஏ.வும் எடுத்தது, 10 விழுக்காட்டு சிட்ரிக் அமிலமும் எடுத்தது. எண்ணெய்ப் பசை மசியவில்லை. அதை எடுப்பதில் இ.டி.டி.ஏ.வை விட சிட்ரிக் அமிலம் மேலாக இருந்தது. எண்ணெய்க் கையை வெறும் தண்ணீரில் கழுவிப் பார்த்த யாருக்கும் இது வியப்பாக இருக்காது.

சிட்ரிக் அமிலம் என்பது எலுமிச்சையில் இருக்கும் புளிப்பு. அதற்காக எலுமிச்சம்பழத்தைப் பல்லில் தேய்க்க வேண்டாம், எனாமல் அரிந்துபோகும். இந்த ஆய்வு நமக்குச் சொல்லும் செய்தி வேறு. எந்தப் பசையை வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே அதை எப்படி எடுப்பது என்பது அமைகிறது. ஒரு கிளினிக்கில் தொடங்கி இன்னொரு கிளினிக்கில் முடிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு மாறியவர்கள், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் பலர் இப்படிச் செய்கிறார்கள். முதல் கிளினிக்கில் என்ன மருந்து, எந்தத் தேதியில் வைத்தார்கள் என்று அட்டையிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு வரி போதும்.

பிள்ளைகளுக்கு வைக்கும் வேறொரு மருந்தையும் இங்கே சொல்ல வேண்டும். விழுந்து முன்பல் அடிபட்டு, வேர் இன்னும் முழுதாக வளராத பல்லில் மூன்று ஆன்டிபயாட்டிக்குகள் கலந்த பசையைச் சில டாக்டர்கள் வைப்பதுண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1990-களில் உருவாக்கியது. கிருமியைக் கொல்வதில் கெட்டி. ஆனால் பல்லின் சுவருக்குள்ளேயே ஊறிப் போய்விடும். கழுவினாலும் பெரும்பகுதி வராது. அதில் உள்ள மினோசைக்ளின் பல்லைக் கருஞ்சாம்பல் நிறமாக்கும். பிள்ளையின் முன்பல் என்பதால், "நிறம் மாறுமா?" என்று பெற்றோர் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

நாள் கடந்தால்

இப்போது என் கதை. கீழ்த் தாடைக் கடைவாய்ப் பல்லில் மருந்து வைத்த பிறகு ஐந்து மாதம் நான் போகவில்லை. செய்தி சேகரிக்க ஓடுகிறேன் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். ஒருநாள் தோசை தின்னும்போது தற்காலிக அடைப்பு பெயர்ந்து வந்தது. அடுத்த வாரம் தாடை வீங்கியது.

அதில் வியக்க ஒன்றுமில்லை. தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மட்டுமே தாக்குப்பிடிக்கும். ஓரம் தேய்ந்து எச்சில் இறங்கத் தொடங்கினால் உள்ளே இருக்கும் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காரத்தன்மையை இழக்கிறது. கிருமிகள் திரும்பி வந்து குடியேறுகின்றன. நரம்பு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டதால் பல்லுக்குள் வலி எழாது. எலும்பு வரை பரவிய பிறகுதான் நமக்குத் தெரியும். வலி இல்லை என்பதை நம்பி இருப்பது எவ்வளவு தவறு என்று அப்போதுதான் விளங்கியது.

அடைப்பு கெட்டியாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. டென்மார்க்கின் ஆண்ட்ரீசன் குழுவினர் ஆட்டின் இளம் பற்களில் கால்சியம் ஹைட்ராக்சைடை நிரப்பி வைத்துப் பார்த்து 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறக்குறைய ஓராண்டில் வேரின் வலு பாதியாகிவிட்டது. கிருமியைக் கரைக்கும் அதே காரம் பல்லின் புரதத்தையும் மெல்ல மெல்லச் சிதைக்கிறது. ஆட்டுப் பல்லும் வளர்ந்த மனிதப் பல்லும் ஒன்றல்ல. ஆனால் மாதக்கணக்கில் விட்டுவைக்கும் மருந்து இதுவல்ல என்பதில் சந்தேகமில்லை. வேர் பிளந்துவிட்டால் எந்தச் சிகிச்சையும் காப்பாற்றாது, பிடுங்குவதுதான் வழி.

நீரிழிவு உள்ளவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் மொத்த அளவு 18.3. இனிப்பு நீர் கட்டுப்பாட்டில் இல்லாதவருக்குப் பல் சீழ் வேகமாகப் பரவும், மெதுவாக ஆறும். டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

சரி, ஒரே நாளில் முடித்துவிட்டால் மருந்தும் வேண்டாம், அதை எடுக்கும் வேலையும் வேண்டாமே? முடியும் என்றால் நல்லதுதான். ஒரே சந்திப்பில் முடிப்பதையும் பல சந்திப்புகளில் முடிப்பதையும் ஒப்பிட்ட கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, குணமாவதில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றே சொல்கிறது. ஒரே நாளில் முடித்தவர்களுக்கு முதல் சில நாள் வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். ஆனால் சீழ் வடிந்துகொண்டிருக்கும் பல்லை யாரும் அன்றே அடைத்துவிட மாட்டார்கள். நம்மவர்கள் கிளினிக்குக்குப் போவதே அந்தக் கட்டத்தில்தானே.

நாற்காலியில் இருக்கும்போது

மருந்தை எடுக்கும் சந்திப்பில் பல்லைச் சுற்றி ஒரு ரப்பர் விரிப்பை மாட்டுவார்கள். வாய்க்குள் முகமூடி போட்டது போல இருக்கும், சிலருக்கு மூச்சு முட்டுவது போலத் தோன்றும். மூக்கால் நிதானமாக மூச்சு விட்டால் பழகிவிடும். ஹைப்போகுளோரைட் தொண்டைக்குள் இறங்காமலும், ஃபைல் நழுவி விழுங்கிவிடாமலும், எச்சில் பல்லுக்குள் போகாமலும் காப்பது அந்த விரிப்புதான். 1864-இல் நியூயார்க்கில் பார்னம் என்ற பல் மருத்துவர் தொடங்கி வைத்த பழக்கம். பால்மரம் பேராக்கில் வேர் ஊன்றியது அதற்குப் பிறகு, 1877-இல் கோலகங்சாரில். பால்மரத்தின் பாலில் இருந்து வந்த விரிப்பு, பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் வாயில். ரப்பர் கையுறை பட்டாலே அரிப்பு எடுப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டால் வேறு பொருளில் செய்த விரிப்பு போடுவார்கள்.

கழுவும்போது திடீரென்று சுரீர் என்று கடும் வலி வந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே கையை உயர்த்துங்கள். நீர் வேர் நுனியைத் தாண்டிவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். வீக்கமும் கன்றிப்போவதும் நிமிடங்களில் தொடங்கிவிடும். அதேபோல, கீழ்த் தாடைப் பல்லில் மருந்து வைத்த பிறகு மரமரப்பு ஊசி தெளிந்தும் உதடு மரத்தே இருந்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். மருந்து நுனியைத் தாண்டி நரம்பை அழுத்தலாம். இரண்டும் அரிதானவை. ஆனால் வீட்டில் படுத்து ஆறவைக்கும் விஷயங்கள் அல்ல.

சுத்தம் முடிந்து குழாயை நிரப்பும் பொருளுக்குக் கட்டாபெர்ச்சா என்று பெயர். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமை உண்டு. அது மலாய்ச் சொல், கெத்தா பெர்ச்சா. நம் தீபகற்பத்துக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால். 1840-களில் சிங்கப்பூரிலிருந்து மாண்ட்கோமரி என்ற மருத்துவர் அதை இங்கிலாந்துக்குத் தெரியப்படுத்தினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக்க அதை வெட்டி வெட்டியே மரங்கள் அழிந்தன. 1867-இல் அமெரிக்காவில் போமன் அதை வேர்க்குழாய்க்குள் நிரப்பிக் காட்டினார். இன்றைக்கும் உலகத்தின் எந்த மூலையில் வேர் சிகிச்சை செய்தாலும் பெரும்பாலும் உள்ளே போவது அந்தப் பொருள்தான்.

செலவு பற்றி ஒரு வார்த்தை. தனியார் கிளினிக்கில் கடைவாய்ப் பல்லுக்கு ஆயிரம் ரிங்கிட்டையும் தாண்டுவதுண்டு, முன்பல்லுக்குக் குறைவு. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் மிகக் குறைவு, காத்திருக்கும் காலம் அதிகம். சிக்கலான கடைவாய்ப் பல் என்றால் நிபுணரிடம் அனுப்புவார்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் 2024 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து பல் சிகிச்சைச் செலவில் 1,000 ரிங்கிட் வரை வரிவிலக்குக் கோரலாம், மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்த டாக்டரின் ரசீது இருந்தால். பாதியில் விட்டவர்கள் பெரும்பாலும் முதல் பாதிக்குப் பணம் கட்டியவர்கள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் அந்தப் பணம் போனதுதான்.

பாதியில் விட்டிருந்தால், டாக்டர் திட்டுவாரோ என்று தயங்க வேண்டாம். எப்போது மருந்து வைத்தது, அடைப்பு எப்போது விழுந்தது என்று உள்ளதைச் சொல்லுங்கள். எக்ஸ்-ரே எடுத்துப் பார்ப்பார்கள். சுண்ணாம்பு நிறைந்த குழாய் எக்ஸ்-ரேயில் பல்லின் நிறத்திலேயே தெரிந்து குழாயே இல்லாதது போல ஏமாற்றும்; முன்பு மருந்து வைத்தது தெரிந்தால் டாக்டர் அதற்கு ஏற்பப் பார்ப்பார். பழையதை முழுக்க எடுத்து, பெரும்பாலும் புது மருந்து வைத்து, மறுபடி ஒரு தேதி தருவார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. கூடுதலாக இரண்டு முறை போக வேண்டியிருந்தது. கடைசி நாளில் அந்த 'ங்ங்ங்' சத்தம் ஒவ்வொரு குழாயிலும் மாறி மாறிக் கேட்டது, டாக்டர் காகிதத் திரியை ஐந்தாறு முறை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகுதான் சீலரைக் குழைத்தார். அடுத்த மாதம் மேலே கிரீடம் போட்டார்கள். அட்டை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்க ஒரு தேதி அதில் எழுதியிருக்கிறது.